எலிக்கு மலச்சிக்கல் வந்தது எப்படி?

(ஜொகூர் பாருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் மேடையில் பேசுகிற விஷயமா?" என்று சிலர் கேட்டார்கள். மேடையில் யாரும் பேசாததால்தான் கடையில் இஷ்டத்துக்குப் பேசி விற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். காலைக்கடன் சரியாகக் கழியாத மனிதருக்கு அன்றைய நாளே கெட்டுப்போகிறது. அந்தக் கஷ்டத்தில் இருப்பவர் எதையும் வாங்கிக் குடிப்பார்.

நம் ஊர்ப் பசார் மாலாம் வரிசையில் நடந்து பாருங்கள். காராஸ் மரத்தின் இலையை உலர்த்திப் பையில் அடைத்து, 'தே கஹாரு' என்று விற்கிறார்கள். காராஸ் வேறொன்றுமில்லை, நம் அகில் மரம். கூந்தலுக்குப் புகை போட்ட அதே அகில். அந்தத் தேநீரை விற்பவர் சொல்லும் சிறப்புகளில் ஒன்று, மலச்சிக்கலுக்கு நல்லது, எலிகளில் சோதித்து நிரூபித்தது என்பது. இது கட்டுக்கதை இல்லை. ஜப்பானில் உண்மையிலேயே சோதித்திருக்கிறார்கள். 'எலிகளில் சோதித்து நிரூபித்தது' என்ற அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்பதுதான் இன்றைய என் வேலை.

முதலில் ஓர் அடிப்படைச் சங்கதி. ஆய்வகத்து எலிக்கு மலச்சிக்கல் தானாக வருவதில்லை. வேளாவேளைக்குச் சமச்சீர் தீவனம், வேண்டியமட்டும் தண்ணீர், கவலையில்லாத கூண்டு. இரவெல்லாம் உருண்டை உருண்டையாகப் போட்டுத் தட்டை நிரப்பிவிடும். ஆகவே மருந்தைச் சோதிக்குமுன் நோயை உண்டாக்க வேண்டும். எந்த வழியில் உண்டாக்கினார்கள் என்று கேட்காமல் முடிவை மட்டும் படிப்பது, பாதிக் கதையைப் படிப்பதாகும்.

அதிகம் பழகிய வழி லோப்பரமைடு. பெல்ஜியத்தின் ஜான்சன் நிறுவன ஆய்வகம் 1969இல் உருவாக்கிய மருந்து. இமோடியம் என்று கேட்டால் எந்த ஃபார்மசியிலும் கிடைக்கும், வயிற்றுப்போக்கை நிறுத்த. ஓப்பியம் வகை மருந்துகள் பற்றிக்கொள்ளும் அதே ஏற்பிகளைக் குடல் சுவரின் நரம்புப் பின்னலில் இது பற்றிக்கொள்கிறது. குடலின் அலையசைவு மட்டுப்படுகிறது, நீர் சுரப்பது குறைகிறது, மலம் நெடுநேரம் தங்கி உலர்கிறது. பேதியாகிற மனிதருக்கு இது மருந்து, நல்ல எலிக்கு இதுவே நோய். சில நாளிலேயே எலிக்கு மலச்சிக்கல் வந்துவிடும் என்பதால் ஆய்வாளர்களுக்கு வசதி. ஆய்வு மாணவனுக்குக் காலக்கெடு இருக்கிறதல்லவா?

இரண்டாவது வழி, தீவனத்தில் நார்ச்சத்தைக் குறைப்பது. இது மெதுவானது, ஆனால் நம் வாழ்க்கைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது. காலையில் ரொட்டி சானாய், மதியம் வெள்ளைச் சோறும் கோழியும், இரவில் மீ கோரெங் என்று சாப்பிடுகிறவர்களின் குடலை இந்த எலி ஓரளவு ஒத்திருக்கும்.

உண்டாக்கியாயிற்று. அதை எப்படி அளப்பது? கூண்டின் தரையில் கம்பிவலை, அதன் கீழே தட்டு. எலிக்குத் தன் மலத்தைத் தானே தின்னும் வழக்கம் உண்டு. வலை இல்லாவிட்டால் எண்ண வேண்டியதைப் பாதி அதுவே தின்று தீர்த்துவிடும். காலையில் தட்டை எடுத்து உருண்டைகளை எண்ணுவார்கள். ஈரத்தோடு ஓர் எடை, அடுப்பில் உலர்த்தியபின் ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மலத்தின் நீர்ச்சத்து. கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்தத் துறையில் பெரிய பெரிய முடிவுகளெல்லாம் இந்தத் தட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

குடல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்க்கக் கரித்தூள் முறை இருக்கிறது. கரித்தூளைப் பசைநீரில் கலக்கி, நுனி உருண்டையான ஊசிக்குழாயால் எலியின் வயிற்றுக்குள் செலுத்துவார்கள். குறித்த நேரம் கழித்து எலியைக் கொன்று, சிறுகுடலை முழுதாக எடுத்து, முறுக்கில்லாமல் ஈரத்துணி மேல் நீட்டி வைப்பார்கள். மெல்லிய குடல் சுவருக்குள்ளே கறுப்பு எதுவரை போயிருக்கிறது என்பது வெளியே தெரியும். பக்கத்தில் அளவுகோல். குடலின் முழு நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்கும். கறுப்பு ஓடிய தூரத்தை அதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு விழுக்காடு. கட்டுரையில் அச்சாகும் பட்டைப்படத்தின் ஒவ்வொரு பட்டைக்கும் பின்னால் இப்படி ஏழெட்டு எலிகளின் உயிர் போயிருக்கும். கொல்லாமலும் பார்க்கலாம். கார்மைன் என்ற சிவப்புச் சாயத்தைக் கொடுத்துவிட்டு, சிவந்த உருண்டை எப்போது வெளியே வருகிறது என்று காத்திருக்கலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் கிடைக்குமிடத்தில் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

இனி அகில் இலைக்கு வருவோம். ஜப்பானின் கிஃபு மருந்தியல் பல்கலைக்கழகத்தில் ஹிதேயாகி ஹராவின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு இது. அகில் இலையின் எத்தனால் சாற்றை, நார்ச்சத்துக் குறைந்த தீவனத்தால் மலச்சிக்கல் வந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 150, 300, 600 மில்லிகிராம் என்று மூன்று அளவுகள், நாளுக்கு ஒருமுறை, 14 நாள். 300இலும் 600இலும் மலத்தின் எண்ணிக்கை, எடை, நீர்ச்சத்து மூன்றுமே கூடின, கார்மைன் சீக்கிரம் வெளிவந்தது. 150இல் நீர்ச்சத்து மட்டும் கூடியது. ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னா என்ற பேதி மூலிகை கொடுத்த எலிகளும் இருந்தன. சென்னாவும் அதே வேலையைச் செய்தது, ஆனால் கடுமையான பேதியும் ஆனது. அகில் இலைச் சாற்றில் பேதி இல்லை. அதே ஆண்டு அதே குழு, லோப்பரமைடு கொடுத்த சுண்டெலிகளிலும் அகில் இலையைச் சோதித்து, ஜென்க்வானின் வகைச் சேர்மம் ஒன்று அசிட்டைல்கோலின் ஏற்பிகள் வழியாகக் குடலை அசைக்கிறது என்று காட்டியது.

நல்ல ஆய்வு. இரண்டு வழியில் நோயை உண்டாக்கிப் பார்த்தார்கள், பல அளவுகள் வைத்தார்கள், ஒப்பீடு வைத்தார்கள், எப்படி வேலை செய்கிறது என்றும் தேடினார்கள். மூலிகை ஆய்வுகளில் இத்தனையும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த முடிவு கிஃபுவிலிருந்து பசார் மாலாம் வருவதற்குள் என்னென்ன உதிர்ந்துபோகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, மரம். கிஃபுவில் சோதித்தது சீன அகில், அக்குயிலேரியா சைனென்சிஸ். நம் ஜொகூர்க் காட்டில் நிற்பது மலாக்காவின் பெயரைத் தாங்கிய அக்குயிலேரியா மலாக்கென்சிஸ். அக்காள் தங்கை போன்ற இனங்கள்தாம். ஆனாலும் இலையில் எந்தச் சேர்மம் எவ்வளவு என்பது இனத்துக்கு இனம் மாறும், மண்ணுக்கு மண் மாறும், பறித்த மாதத்துக்கு ஏற்பவும் மாறும்.

அடுத்தது அளவு. எலிக்கு உடல் சிறியது, வளர்சிதை மாற்றம் வேகமானது, அதனால் கிலோவுக்கு இத்தனை என்ற கணக்கை அப்படியே மனிதருக்குப் போடக் கூடாது. உடலின் மேற்பரப்பை வைத்து மாற்றுவது வழக்கம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் தந்த வழிகாட்டுதலின்படி எலியின் அளவை 6.2ஆல் வகுக்க வேண்டும். 600ஐ வகுத்தால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 97 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 5.8 கிராம் வருகிறது. அது இலையின் எடை இல்லை, சாற்றின் எடை. இலையில் பத்தில் ஒரு பங்கு சாறு கிடைக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 58 கிராம் உலர்ந்த இலை. ஒரு பையில் இரண்டு கிராம் என்றால் 29 பைகள். ஒரு நாளைக்கு! அதுவும் அவர்கள் எத்தனாலில் எடுத்தார்கள், நாம் வெந்நீரில் முக்கி எடுக்கிறோம். எத்தனாலில் கரைவதெல்லாம் வெந்நீரில் கரைய வேண்டிய கட்டாயமில்லை. ஒரு பையை மூன்று நிமிடம் ஊறவைத்துக் குடித்தவருக்குக் காலையில் வயிறு இளகினால், வெந்நீருக்கும் பாதிப் புகழ் கொடுப்பதுதான் நியாயம்.

மூன்றாவது, ஒப்பீடு. சென்னா பேதியாக்கியது, அகில் ஆக்கவில்லை என்பதுதான் விளம்பரத்துக்கு வசதியான வரி. சென்னாவை 150, 300 மில்லிகிராம் அளவுகளில்தான் கொடுத்தார்கள். இன்னும் குறைந்த அளவில் கொடுத்திருந்தால் பேதியில்லாமலே வேலை செய்திருக்குமா என்பது திறந்த கேள்வி. எந்தப் பேதிமருந்தும் அளவு கூடினால் பேதியாக்கும், பெயரே அதுதானே.

சென்னா என்றதும் நம்மவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அது நம் நிலாவரை. உலக மருந்துச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்று பெயர் பெற்றது திருநெல்வேலிச் சீமையில் விளைந்த இலைதான். இன்றும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரி நிலங்களிலிருந்து கப்பலேறுகிறது. அதன் சரக்கான சென்னோசைடுகளை 1941இல் சாண்டோஸ் ஆய்வகத்தில் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். விழுங்கியபடியே அது வேலை செய்வதில்லை. பெருங்குடல் வரை சும்மா போய், அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் உடைத்து ரெய்ன் ஆந்த்ரோனாக மாற்றிய பிறகுதான் குடல் அசைகிறது. இரவில் சாப்பிட்டால் காலையில் வேலை செய்வது இதனால்தான். பாக்டீரியா இல்லாமல் வளர்த்த எலிகளில் சென்னா எடுபடவில்லை. மருந்து செடியில் பாதி, குடிப்பவரின் குடலில் பாதி. எலியின் குடலில் வாழும் கிருமிக் கூட்டமும் நம் குடலில் வாழ்வதும் ஒன்றில்லை, போதாததற்கு எலிக்குக் குடல்முளைப்பை உடம்புக்கு மீறிய பெரியது.

எலியால் சொல்லவே முடியாத சங்கதிகளும் உண்டு. எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது, அதன் உடலமைப்பே அதற்கு இடம் தராது. ஆகவே ஒரு சாறு குமட்டுமா என்று எலியிடம் நேராகக் கேட்க வழியில்லை. வயிற்றைப் பிசைந்ததா என்று கேட்டாலும் பதில் வராது. இந்த ஊரில் எத்தனை பேர் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போகும் காஸ்வே பக்கம் கிளம்புகிறார்கள்! உடம்பு அழைக்கும் நேரத்தில் சுங்கச் சாவடி வரிசையில் நிற்கிறார்கள். அடக்கி அடக்கி, கடைசியில் உடம்பே அழைப்பதை விட்டுவிடுகிறது. இதற்கு எலி மாதிரி கிடையாது. எலி யாருக்காகவும் அடக்குவதில்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிக்கும், சில வகை ரத்த அழுத்த மாத்திரையால் மலம் இறுகிப்போன பெரியவருக்கும் லோப்பரமைடு எலி ஒத்துவராது. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவருக்கு மட்டும் அந்த எலி நெருங்கிய சொந்தம், ஏனென்றால் இரண்டு பேருக்கும் நோய் ஒரே கதவு வழியாக வந்தது. அசிட்டைல்கோலின் வழியாக வேலை செய்யும் சாறு என்றால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். சிறுநீர் அடங்காமைக்கும் ஒவ்வாமைக்கும் பெரியவர்கள் சாப்பிடும் சில மாத்திரைகள் அதே ஏற்பிகளைத் தடுப்பவை. ஒன்று இழுக்க, ஒன்று தள்ளும்.

நார்ச்சத்தைக் குறைத்ததால் வந்த மலச்சிக்கலுக்கு ஒப்பீடாக என் பார்வையில் முதலில் நிற்க வேண்டியது சென்னாவும் இல்லை. குறைத்த நாரைத் திருப்பிக் கொடுத்த எலிகள் ஒரு கூண்டில் நிற்க வேண்டும். மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரை நாளுக்கு 20 முதல் 30 கிராம் நார் என்கிறது. முருங்கைக்கீரையையும் பப்பாளியையும் கொய்யாவையும் தாண்டி இந்தச் சாறு என்ன கூடுதலாகச் செய்கிறது என்று தெரிந்தால்தான் அதற்கு நான் ரிங்கிட் கொடுப்பேன்.

இவ்வளவு சொன்னதால் எலிச் சோதனை வீண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது குணமாக்கும் என்பதற்கு எலி அரைச் சாட்சி. இது கெடுக்கும் என்பதில் அதன் பேச்சை நான் மதிப்பேன். ஃபினால்ஃப்தலீன் கதையைக் கேளுங்கள். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் காரம் பட்டால் இளஞ்சிவப்பாகுமே, அதுவேதான். ஹங்கேரியில் மட்ட ரக ஒயினை அடையாளம் காணக் கலந்தபோது, அது பேதியாக்குவது 1902 வாக்கில் தெரியவந்தது. பிறகு சாக்லேட்டில் வைத்து எக்ஸ்-லாக்ஸ் என்று விற்றார்கள். பல தலைமுறைக் குழந்தைகள் அதைச் சப்பி வளர்ந்தார்கள். 1990களில் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் இரண்டாண்டு தொடர்ந்து கொடுத்துப் பார்த்ததில் கட்டிகள் வந்தன. 1990களின் இறுதிக்குள் அமெரிக்கக் கடைத் தட்டுகளிலிருந்து அது போய்விட்டது. அந்தப் பெயரில் இப்போது விற்பது சென்னா. பதினான்கு நாள் சோதனையில் இது ஒருநாளும் தெரிந்திருக்காது. மலச்சிக்கல் மருந்தை யாரும் பதினான்கு நாளோடு நிறுத்துவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் மரபு இதில் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். தேரையர் தம் நோயணுகா விதியில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு எடுக்கச் சொல்கிறார். தினம் காலையில் ஒரு கப் என்று சொல்லவில்லை. பேதி என்பது அங்கே ஒரு முறைமை. நாள் பார்த்து, பத்தியம் இருந்து, உடல் வலுவைக் கணித்துச் செய்வது. நேர்வாளம் போன்ற கடுஞ்சரக்கைச் சுத்தி செய்யாமல் தொடக் கூடாது என்பதும் அதே மரபு. தோட்டத்துப் பிள்ளைகள் விளக்கெண்ணெய் குடிக்க மாட்டேன் என்று ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்த காலத்தை இங்கே உள்ள பெரியவர்கள் அறிவார்கள். அந்த எண்ணெயின் ரிசினோலிக் அமிலம் குடலின் எந்த ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது என்பது 2012இல்தான் திட்டமாகத் தெரிந்தது. புகட்டிய பாட்டிகளுக்கு ஏற்பியின் பெயர் தேவைப்படவில்லை. ஆனால் எத்தனை கரண்டி, எந்தக் கிழமை என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது.

இன்று தமிழ்நாட்டின் சித்த மருத்துவக் கல்லூரிகளில் பட்டமேற்படிப்பு மாணவர்கள் மருந்துகளை எலியில் சோதித்து ஆய்வேடு எழுதுகிறார்கள். என் கண்ணுக்குப் பட்டவரை அவற்றில் பல எலியோடு நின்றுவிடுகின்றன. பல நூறு ஆண்டுகள் மனிதர் சாப்பிட்ட மருந்தை எலிக்குக் கொடுத்து, எலியிடம் சான்றிதழ் வாங்கி, அங்கேயே நிறுத்துவது எனக்குத் தலைகீழாகப் படுகிறது.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்குப் பக்கத்து நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கெலெங்காங் செடியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆற்றோரத்திலும் சாலையோரச் சாக்கடை மேட்டிலும் மஞ்சள் மெழுகுவத்திபோல் பூ நிமிர்ந்து நிற்கும். நாம் சீமை அகத்தி என்போம், வண்டுகொல்லி என்றும் சொல்வதுண்டு. படர்தாமரைக்கு இலையை அரைத்துப் பூசாத தோட்ட வீடு இருந்திருக்காது. அது நிலாவரைக்கு ஒன்றுவிட்ட தங்கை. தாய்லாந்து மருத்துவர்கள் அதை நேராக மனிதரில் சோதித்து 1990இல் வெளியிட்டார்கள். குறைந்தது மூன்று நாள் மலம் போகாத 80 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் போலி மருந்து, ஒரு பிரிவுக்கு நம் தோட்டத்து டிரெஸர் கொடுத்த பேதி உப்புக் கலவையான மிஸ்ட் ஆல்பா, ஒரு பிரிவுக்குச் சீமை அகத்தி. ஒரு நாளுக்குள் மலம் கழிந்தவர்கள் போலி மருந்தில் 18 விழுக்காடு, மிஸ்ட் ஆல்பாவில் 86, சீமை அகத்தியில் 83. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. தாய்லாந்தின் அத்தியாவசிய மூலிகை மருந்துப் பட்டியலில் அந்தச் செடி இன்று இடம்பெற்றிருக்கிறது.

காராஸ் இலைக்கு இதைச் செய்ய ஜொகூரைவிட நல்ல இடம் எது? அகில் கட்டை பிசின் பிடிக்க மரம் காயம்பட வேண்டும், பூஞ்சை தொற்ற வேண்டும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காட்டு அகில் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு இலைதான் இடைக்கால வருமானம், தேநீர் வந்த வழி அதுதான். ஸ்கூடாயில் யூ.டி.எம். பல்கலைக்கழக வளாகத்தில் மூலிகைச் சாறு எடுக்கும் ஆலையே இருக்கிறது. மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பாரம்பரிய மருந்துகளுக்கு 'டி' எழுத்தில் முடியும் 'மால்' எண் கொடுக்கிறது. கடும் உலோகம் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா, தரம் சரியா என்று பார்த்துக் கொடுக்கும் எண் அது. குணமாக்கும் என்பதற்கான முத்திரையாக அதைப் படிக்கக் கூடாது.

என்னைக் கேட்டால் நம் இனத்து இலையை, மக்கள் குடிக்கிறபடியே வெந்நீரில் எடுத்து, முதலில் எலியில் நீண்டகாலப் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் போலித் தேநீரையும் பக்கத்தில் வைத்து மனிதரில் சோதிக்க வேண்டும். அதில் ஆட்களைச் சேர்க்கும்போது முதல் கேள்வி, எலிக்குக் கேட்ட அதே கேள்வி: உங்களுக்கு மலச்சிக்கல் எப்படி வந்தது? இத்தனை காலம் ஒழுங்காக இருந்து, 50 வயதுக்கு மேல் திடீரென்று வந்திருந்தால், கூடவே எடை குறைந்திருந்தால், ரத்தம் கண்டிருந்தால் அவரை எந்த மூலிகைச் சோதனையிலும் சேர்க்கக் கூடாது. பெருங்குடல் புற்றுநோய் இந்த நாட்டில் அதிகம் காணும் புற்றுநோய்களில் ஒன்று, பலருக்கு முற்றிய பிறகே தெரிகிறது. 50 வயது கடந்தவர்களுக்கு அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை இருக்கிறது. சிறு குப்பி கொடுப்பார்கள், வீட்டில் மாதிரி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். ரத்தம் தெரிந்தால் குடலை உள்நோக்கிப் பார்க்க மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். நாளைக் காலை கிளினிக் திறந்ததும் கேளுங்கள்.